ஜாக்கெட்டில் ஒரு ரத்தப் பொட்டு

போன வருஷம் ஏப்ரல் 14 அன்று பாகூர் பக்கம் ஒரு காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். எனக்குக் கொடுத்த தலைப்பு தோள்சீலைப் போராட்டம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக எப்படிப் போராடினார்கள், தெருவில் அவர்கள் மேலாடை எப்படிக் கிழிக்கப்பட்டது, 1859ல் அரசர் ஆணை போட வேண்டிய நிலை எப்படி வந்தது, அந்த ஆணையிலும் 'மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனை எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது என்றெல்லாம் நாற்பது நிமிஷம் பேசினேன். பெண்கள் நன்றாகக் கேட்டார்கள். "நம் உடம்பைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படக் கூடாது" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

பேசிய நேரம் முழுக்க என் ஜாக்கெட்டுக்குள், இடது பக்கம், நான்காக மடித்த ஒரு கர்சீப் இருந்தது. அதில் ரத்தம் இருந்தது. ஐந்து மாதமாக இருந்தது. யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குக்கூட.

தோழர்களே, இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் மேடையில் சொன்னதற்கும் என் ஜாக்கெட்டுக்குள் இருந்ததற்கும் உள்ள தூரம் எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை விட்டுவிடத்தான் எழுதுகிறேன்.

முதல் பொட்டைப் பார்த்தது நவம்பரில், மழை நாளில், துணி துவைக்கும்போது. பாடியின் உள்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன். மறுவாரம் மறுபடியும். அழுத்திப் பார்த்தேன். காம்பில் ஒரே ஒரு புள்ளியிலிருந்து ஒரு சொட்டு வந்தது. வலி இல்லை. கையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எனக்கு வயது முப்பத்தொன்பது. சின்னவன் பால் மறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"படித்தவள்தானே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். அறியாமையால் நான் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றுதான் என்னை மறைக்க வைத்தது.

2003ல் என் பெரியம்மா செத்துப்போனார். வில்லியனூர் பக்கம் எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கும் தலைவி அவர். இருபது பெண்களை வரிசையாக நிறுத்திப் பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு காணியை முடித்துவிடுவார். அவருக்கு மாரில் கட்டி வந்தது. யாரிடமும் காட்டவில்லை. முதலில் சுண்ணாம்பு தடவினார், பிறகு யாரோ கொடுத்த பச்சிலை. கடைசியில் அது உடைந்து புண்ணானபோது வாடைதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அதனால் என் மனசில் ஒரு கணக்கு பதிந்துபோயிருந்தது. மாரில் ஏதாவது வந்தால் கேன்சர், கேன்சர் என்றால் சாவு. நடுவில் வேறு எதுவும் கிடையாது. ரத்தத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தீர்ப்பைத் தள்ளிப்போட ஒரே வழி, யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

அன்று எனக்குத் தெரியாமல் போன ஒரே ஒரு செய்தியை இங்கே முதலில் சொல்லிவிடுகிறேன். மார்க்காம்பில் தானாக ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ கசிந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கேன்சர் இல்லை. மார்புக்குள் பதினைந்து இருபது பால் நாளங்கள் காம்பை நோக்கி வருகின்றன. அதில் ஒன்றின் உள்சுவரில் மரு போல ஒரு சின்னச் சதை வளர்கிறது. அதற்குப் பாப்பிலோமா என்று பெயர். அதன் காம்பு மெலிசு, லேசாகப் பட்டாலே ரத்தம் கசியும். முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அது பரவாது, கொல்லாது. ஆனால் கேன்சரும் சில சமயம் இதே மாதிரி ரத்தக் கசிவோடுதான் தன்னைக் காட்டும். இரண்டில் எது என்று கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ சொல்ல முடியாது. சோதனை பண்ணித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பத்தி என் கையில் நவம்பரில் இருந்திருந்தால் நான் டிசம்பரிலேயே போயிருப்பேன்.

மே மாதம் போனேன், அதுவும் தப்பான இடத்துக்கு. ஒரு தனியார் கிளினிக். ஸ்கேன் எடுத்தார்கள். காம்புக்குப் பின்னால் நாளம் விரிந்திருக்கிறது, உள்ளே எட்டு மில்லிமீட்டருக்கு ஏதோ இருக்கிறது என்று வந்தது. சதைச் சோதனை எதுவும் பண்ணாமலே, "மார்பை எடுத்துடறதுதான் பாதுகாப்பு, அடுத்த வாரமே வெச்சுக்கலாம்" என்று ஒரு தொகை சொன்னார்கள். என் குழுக் கடன் மொத்தத்தையும் விடப் பெரிய தொகை. "என்ன சோதனை பண்ணி இதைச் சொல்றீங்க?" என்று நான் கேட்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்று சத்தம் போடுகிறவள் அந்த நாற்காலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்த உடம்புக்கு அரசியல் தெரியாது.

என்னைக் காப்பாற்றியது எங்கள் ஊர் ஆஷா அக்கா. சீட்டை வாங்கிப் பார்த்தவர் திட்டினார். "ஊசி போட்டுப் பாக்காம மாரை எடுக்கச் சொல்றவன் பேச்சைக் கேப்பியா? எழுந்து வா" என்றார். மறுநாள் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி, ஊருக்குள் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்றோம்.

அங்கே மூன்று படி என்று சொன்னார்கள். கையால் பரிசோதனை, படம், சதைச் சோதனை. டாக்டரம்மா காம்பைச் சுற்றிக் கடிகார முள் மாதிரி ஒவ்வொரு இடமாக மெதுவாக அழுத்தி, எந்த இடத்தைத் தொட்டால் சொட்டு வருகிறது என்று குறித்துக்கொண்டார். "தினம் அழுத்திப் பாப்பியா?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். "அத நிறுத்து. அழுத்த அழுத்த இன்னும் வரும். தானா வருதான்னுதான் பாக்கணும்" என்றார். மேமோகிராம் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கனமான ஊசியால் நூல் மாதிரி சதையை எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும். எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

ரிசல்ட்: பாப்பிலோமா. கெட்ட செல் எதுவும் இல்லை.

"அப்போ ஆபரேஷன் எதுக்கு?" என்று இந்தத் தடவை வாய் திறந்து கேட்டேன். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் மரம் மாதிரி வரைந்து காட்டினார். ஊசி எடுத்தது ஒரு துணுக்குதான், மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதோடு ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது என்றார். எல்லாருக்கும் வெட்ட வேண்டியதில்லை, சின்னதாக இருந்து, கசிவும் கெட்ட செல்லும் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்றும் சொன்னார். மார்பை எடுக்கும் பேச்சே இல்லை. அந்த ஒரு நாளத்தை மட்டும் எடுப்பார்கள். அந்த ஆபரேஷனுக்கு மைக்ரோடோகெக்டமி என்று பெயர். குழந்தைக்குப் பால் கொடுக்கும் வயதில் இல்லாதவர்களுக்கு, எந்த நாளம் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், காம்புக்குப் பின்னால் உள்ள எல்லா நாளங்களையும் எடுப்பதும் உண்டு. அந்த முறைக்கு ஹேட்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் சர்ஜனின் பெயர்.

ஜூனில் ஆபரேஷன். மயக்கம் கொடுத்தார்கள். ரத்தம் வரும் அந்த ஒரு துளைக்குள் தலைமயிர் மாதிரி மெல்லிய, முனை மழுங்கிய கம்பியை விட்டு, அதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் ஓரமாகக் கீறி, கம்பியோடு சேர்த்து அந்த நாளத்தை எடுப்பார்களாம். வட்டத்தின் ஓரமாகக் கீறுவதால் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டிலும் அதே வார்த்தைதான் இருந்தது. கேன்சர் இல்லை.

தழும்பு நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் காம்பில் பாதிக்கு மேல் உணர்ச்சி இல்லை. இப்படி ஆகலாம் என்று கையெழுத்து வாங்கின தாளில் இருந்திருக்கிறது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துக் காட்ட யாருக்கும் நேரமில்லை, "எல்லாம் நார்மல்தான், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டேன். இனிமேல் பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணாக இருந்தால், அந்தப் பக்கம் பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம் என்பதும் அந்தத் தாளில்தான் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி அதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டால் அது சம்மதமா?

வார்டில் ஒருநாள் ஏழெட்டு மாணவர்கள் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். திரை இழுக்கவில்லை. பேராசிரியர் போர்வையை விலக்கினார். அமெரிக்காவில் 1840களில் மரியன் சிம்ஸ் என்கிற டாக்டர், அனார்க்கா, லூசி, பெட்சி என்ற கறுப்பின அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப வெட்டித்தான் தன் ஆபரேஷனைக் கற்றுக்கொண்டார் என்று நம் படிப்பு வட்டத்தில் வாசித்தோமே, அது அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது. நியூயார்க்கில் இருந்த அவர் சிலையை 2018ல்தான் எடுத்தார்கள். என் நிலைமையை அதோடு ஒப்பிட முடியாது, எனக்கு மருந்தும் கிடைத்தது, குணமும் கிடைத்தது. ஆனால் ஏழைகளின் உடம்பில் கற்றுக்கொள்வதற்கு அனுமதி தேவையில்லை என்ற பழக்கம் இன்னும் சாகவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் எல்லாரும் போன பிறகு திரும்பி வந்து, "அக்கா, நான் ஒருமுறை பாக்கலாமா?" என்று கேட்டாள். பாரும்மா என்றேன். இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்களுக்கு நான் கேட்பது அவ்வளவுதான். திரையை இழுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா முதல் நாள் நன்றாகப் பேசினார். ஊர் கேட்டார், சொன்னேன். "அதுல எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் தன் டம்ளரை ஜன்னல் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வாந்தி எடுத்தபோது அவருக்கு வாளி பிடித்தது நான்தான், கூட வந்த அவர் மகள் டீ வாங்கப் போயிருந்தாள். அதற்குப் பிறகு மனசு மாறினார் என்று எழுத எனக்கும் ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை. டம்ளர் ஜன்னல் ஓரமே இருந்தது.

இப்போது இந்தக் கதையில் எனக்கு ரொம்பக் கஷ்டமான பகுதி.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாக இருந்தது என் அண்ணி. பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு, களை, அறுப்பு என்று வாழ்க்கை முழுக்க வயலில் நிற்பவர். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் வருதும்மா. ரெண்டு வருஷமா. பச்சையா, பழுப்பா."

"அண்ணி, ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?"

தோழர்களே, நான் பேசிய அந்த ஏப்ரல் 14 கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் அண்ணியும் ஒருவர். நானும் ஒளித்துவைத்துக்கொண்டு பேசினேன், அவரும் ஒளித்துவைத்துக்கொண்டு கேட்டார். என் வாயை நான் நவம்பரில் திறந்திருந்தால் அவர் வாயும் திறந்திருக்கும்.

அதற்குப் பிறகும் அவர் உடனே வரவில்லை. நடவு நேரம். ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. முதல் நாள் ஓபி, அடுத்து ஸ்கேனுக்குத் தேதி, பிறகு ரிசல்ட், பிறகு மறுபடி டாக்டர். இலவச வைத்தியம் என்று நாம் சொல்வதற்கு நான்கு நாள் கூலியும் எட்டு பஸ் டிக்கெட்டும் விலை. அதோடு அண்ணி பிறந்தது மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடலூர் மாவட்டத்து ஊரில். நம் பாகூர் கொம்யூன் பக்கம் உங்களுக்குத் தெரியுமே, ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. கல்யாணம் ஆனதும் அங்கே ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள், இங்கே இன்னும் சேர்க்கவில்லை. இரண்டு அரசாங்கத்தின் காப்பீட்டிலும் அவர் இல்லை. பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லைக்கோடு 1954ல் அவன் போன பிறகும் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் மார்புக்குக் குறுக்கே ஓடுகிறது.

பெண்கள் குழுவில் பேசினோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அண்ணியின் நான்கு நாள் கூலியைக் கொடுத்தோம். ஆகஸ்ட்டில் போனார். அவருக்குப் பாப்பிலோமா இல்லை. வயது ஆக ஆகப் பால் நாளங்கள் விரிந்து அழுக்குத் திரவம் தேங்கும் நிலைமையாம். இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து பச்சையும் பழுப்புமாக வருவது பெரும்பாலும் இதனால்தானாம். ஆபரேஷன் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் தூக்கமில்லாமல் கிடந்ததற்கு மருந்து ஒரு வார்த்தை: "ஒன்றுமில்லை." அந்த ஒரு வார்த்தை நம் தெருவுக்கு வந்துசேர இரண்டு வருஷம் ஆகிறது.

பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்றைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் மண்ணில் கல்லூரி இருந்தது என்று எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மூன்று ஊர்களிலும் நாற்று நட்ட கைகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் இருந்ததா என்று நாம்தான் கேட்க வேண்டும். விளைச்சல் அங்கே போகும், அறிவு இங்கே வராது. என் பெரியம்மாவின் புண்ணுக்கும் அண்ணியின் தூக்கத்துக்கும் அதுதான் காரணம். 'தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். இந்தியாவில் முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் மார்புப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது பெண்களின் குறையா, அவர்களைத் தேடி வராதவர்களின் குறையா?

பாபாசாகேப் 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார். உழைக்கும் பெண்ணின் உடம்புக்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்குக் கூலியும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நூறு வருஷம் ஆகப்போகிறது. நடவுக்குப் போகும் பெண் ஒரு ஸ்கேனுக்குப் போனால் அந்த நாளின் கூலியை யார் கொடுப்பது? இதை நாம் கோரிக்கையாக எழுதியதே இல்லை. நானும் எழுதியதில்லை.

இளம் தோழர்களே, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள், ஆண்களும் உட்காருங்கள். ஆண்களுக்கும் காம்பில் கசிவு வரலாம், வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். ஒரே பக்கம், ஒரே துளையில், தானாக ரத்தமோ தண்ணீரோ கசிந்தால், கட்டி தட்டுப்பட்டால், காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், தோல் குழி விழுந்தால், காத்திருக்காதீர்கள் என்று சொல்லுங்கள். ஊசிச் சோதனை இல்லாமல் மார்பை எடுக்கச் சொன்னால் எழுந்து வரச் சொல்லுங்கள். முப்பது வயதுக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்புப் பரிசோதனை கேட்டு வாங்கலாம், அது அரசாங்கத் திட்டத்தில் இருக்கிறது. முடிந்தால் கூடவே போங்கள். ஓபி வரிசையில் நிற்பதும், ஆங்கிலத் தாளைத் தமிழில் படித்துச் சொல்வதும் இயக்க வேலைதான்.

ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், நெப்போலியன் படையின் சர்ஜன் லார்ரே, மயக்க மருந்தே இல்லாத காலத்தில் மார்பை எடுத்தார். பல மாதம் கழித்து, நடுங்கிக்கொண்டே அதையெல்லாம் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினார் பர்னி. அதன் பிறகு இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். அதனால் அது கேன்சர்தானா என்றே பிற்காலத்தில் சிலர் சந்தேகப்பட்டார்கள். அன்று ஊசிச் சோதனை இல்லை, தெரிந்துகொள்ள வழியில்லை. இன்று வழி இருக்கிறது. இருந்தும் ஒரு கிளினிக் நாற்காலியில் என்னை 1811ல் உட்கார வைக்க முடிந்தது.

இந்த வருஷம் ஏப்ரல் 14க்கு அதே காலனியில் கூப்பிட்டார்கள். தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன். ஆண்கள் முன்னாடி இதையெல்லாம் பேசணுமா என்று ஒரு பெரியவர் தயங்கினார். பேசினேன். கைதட்டல் குறைவு. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது மூன்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீர்த் தொட்டி பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது.

திங்கட்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸுக்கு அவர்களோடு அண்ணி போகிறார். வழி அவருக்கு இப்போது தெரியும்.

ஜெய்பீம்.